கூலன்ட் குறைகிறது, கரும்புகை வருகிறது: ஹெட்டைக் கழற்றும் முன் ஈ.ஜி.ஆர். கூலரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2018 மாடல், பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதிப்படி வந்தது), ஆறு சிலிண்டர் டீசல் லாரி. சங்ககிரியிலிருந்து பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும்போது தொப்பூர் ஏற்றத்தில் முன்போல் இழுவை இல்லை, கரும்புகை கக்குகிறது. வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. கூலன்ட் டேங்கில் குமிழி வருகிறது. ஸ்கேனர் பி0402 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. ஈ.ஜி.ஆரை, அதாவது புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பை, தகடு வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது புகையின் வழியைத் திறந்து மூடும் ஈ.ஜி.ஆர். வால்வும், அதை ஒட்டி, கூலன்ட்டைக் கொண்டு புகையைக் குளிரவைக்கும் கூலரும்தான். ஹெட்டைக் கழற்றுவது பெரிய செலவு. கூலரைக் கழற்றிச் சோதிப்பதோ ஒரு பகல் வேலை.

எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புவதே ஈ.ஜி.ஆரின் வேலை. அதனால் சிலிண்டருக்குள் உச்ச வெப்பம் தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவது குறைகிறது. ஆனால் பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது எஞ்சினுக்குக் காற்று நிறைய வேண்டும். அப்போது வால்வு பெரும்பாலும் மூடியே இருக்கும். கரி அடைத்து மூடாமல் நின்றுவிட்டால், காற்று போக வேண்டிய இடத்தில் புகை போகிறது. டீசல் முழுதாக எரியாது. தொப்பூரில் நீங்கள் பார்ப்பது அதுவாக இருக்கலாம். பி0402 என்பதும் ‘தேவைக்கு மேல் புகை திரும்பி வருகிறது’ என்றுதான் சொல்கிறது.

என்றாலும், ஸ்கேனர் காட்டும் குறியீட்டை மட்டும் நம்பி வால்வை மாற்றிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் குழாயான மேனிஃபோல்டில் உள்ள அழுத்த சென்சாரில் கரி படிந்தாலே கணக்குத் தவறலாம். இழுவைக் குறைவுக்கும் கரும்புகைக்கும் டர்போ அழுத்தித் தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விழுந்த விரிசலோ அடைத்த ஏர் ஃபில்டரோகூடக் காரணமாகலாம். எஞ்சின் ஆறியபின் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அங்கே காற்று கசிகிறது. பத்து நிமிட வேலை. இதை முதலில் முடித்துவிடுங்கள்.

‘ஐடிலிங்கில் வால்வைத் திறந்தால் எஞ்சின் நின்றுபோக வேண்டும், நிற்காவிட்டால் அடைப்பு’ என்று ஒரு சோதனை சொல்வார்கள். அது பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. டீசலில் ஐடிலிங்கிலேயே வால்வு திறந்திருக்கலாம். எஞ்சின் நிற்காமல் ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இனி வால்வைக் கழற்றுங்கள். உள்ளே உலர்ந்த, பஞ்சுபோன்ற கரி இருந்தால் அது வழக்கமானது. தார்போல் ஈரமாகப் பிசுபிசுத்தால், டர்போ அல்லது பிரீதர் (எஞ்சினின் உள்ளே சேரும் ஆவி வெளியேறும் வழி) வழியாக எண்ணெய் வருகிறது. அதைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் சுத்தம் செய்தால் சில மாதங்களில் மீண்டும் அடைத்துக்கொள்ளும். நீங்கள் கூர்ந்து தேட வேண்டியது மூன்றாவது அடையாளத்தை. சுற்றிலும் கரி இருக்க, ஓரிடம் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும். அல்லது வெளிறிய பொருக்கு படிந்திருக்கும். கூலன்ட் போகும் வழி அதுதான்.

மின்மோட்டார் உள்ள வால்வை முழுதாகக் கிளீனரில் ஊறப்போடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கவும் கூடாது; உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தால் உடைந்துவிடும். திரும்பப் பொருத்தும்போது புதுக் கேஸ்கெட் போட்டு, தேவைப்படும் வண்டிகளில் ஸ்கேனர் மூலம் வால்வின் நிலையைப் பதிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது கூலர். டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கெட் போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். டர்போ எஞ்சினில் பாரம் ஏறும்போது, டர்போவுக்கு முன்னால் உள்ள புகையின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைத் தாண்டும். கூலரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் புகை கூலன்ட்டுக்குள் புகுந்து அதே குமிழியைத் தரும். வண்டியை நிறுத்தியபின் கூலன்ட் புகைப் பக்கம் இறங்கும். இப்படி வீணாகக் கழற்றிய ஹெட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும்.

கூலரைக் கழற்றி, கூலன்ட் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றுச் செலுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அளவை ஒட்டிய அழுத்தம் போதும். பிறகு வெந்நீரில் அமிழ்த்துங்கள். பச்சைத் தண்ணீரில் பார்த்தால் தெரியாத விரிசல், உலோகம் சூடேறி விரியும்போது திறந்து குமிழி விடும். கசிந்தால் கூலரை மாற்றுவதே நல்லது. பற்றவைத்த இடம் நீண்ட நாள் தாங்குவது அரிது.

கூலர் ஏன் விரிசல் விடுகிறது? ஒரு பக்கம் பல நூறு டிகிரி புகை, மறுபக்கம் 90 டிகிரியை ஒட்டிய கூலன்ட். அந்த இழுபறியே போதும். அதோடு வழியில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து குறுகிய வழிகள் அடைபடும், அங்கே உலோகம் வெந்துபோகும். உங்கள் டிரைவரிடம் இதை விசாரியுங்கள்.

தகடு அடைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியைச் செயலிழக்கச் செய்வது சட்டப்படி தவறு. அதைவிட, கூலரில் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கசிவும் தொடரும்.

காலையில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பாதிச் சுற்றில் கட்டென்று நின்றால், மீண்டும் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் கூலன்ட் தேங்கியிருக்கலாம். கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வேலை முடிந்ததும் டேங்கில் கூலன்ட் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு, பத்து நாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் ஹெட்டைக் கழற்றலாம்.