பெருந்தொற்று வந்தால் கால்நடை வளர்க்கும் கிராமத்து வீடுகளில் என்ன மாறும்?

ஊரடங்கு என்பது மாட்டுக்குத் தெரியாதே. விடிந்தால் மடி நிறைந்துவிடும், கறந்தே ஆக வேண்டும். அப்படியே விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோயும் வரலாம். அதனால் வேலை அப்படியேதான் இருக்கும். மாறுவது வரவு.

2020-ல் ஓட்டல்களும் பள்ளிகளும் மூடியதும் பல நாடுகளில் பாலைக் கீழே கொட்டினார்கள். தயிர், வெண்ணெய் என்று மாற்றினால் நஷ்டம் கொஞ்சம் குறையும். கறிக்கோழி நிலைமை இன்னும் மோசம். ஆறேழு வாரத்தில் விற்க வேண்டியது, வண்டி வராவிட்டால் தின்றுகொண்டே இருக்கும். கூடுகிற எடை தீவனச் செலவுக்குக் கட்டாது.

ஆட்டுக்கு மேய்ச்சல் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் ஆடுதான் பல வீடுகளில் சேமிப்பு. மருத்துவச் செலவு வரும் நேரம் பார்த்து சந்தை மூடியிருக்கும். என் கணக்கில் பெரிய அடி இதுதான். வாங்க வருபவரும் இதைத் தெரிந்துகொண்டுதான் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

அப்புறம், மாட்டுக்குப் போடும் தடுப்பூசியும் சினை ஊசியும் தள்ளிப்போகும். ஒரு சினைப்பருவம் தவறினால் அடுத்த கன்றும் தள்ளிப்போகும்.

சரி, கறப்பவரே காய்ச்சலில் படுத்துவிட்டால்? கை மாறினால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். வீட்டில் இன்னொருவரும் முன்பே கறந்து பழகியிருக்க வேண்டும்.