எலி மருந்தை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சோழவந்தான் பக்கம் இரண்டு ஏக்கர் நெல். நட்டு முப்பது நாள் ஆகிறது. வரப்போரம் தூர் தூராக எலி வெட்டிப் போட்டிருக்கிறது. துத்தநாக பாஸ்பைடு வாங்கிச் சோற்றில் பிசைந்து வரப்பு நெடுக உருண்டை வைத்தேன். ஒரு எலிகூடச் சாகவில்லை. மருந்து போலியா?

பதில்: மருந்தைச் சந்தேகப்படும் முன் வைத்த இடத்தைப் பாருங்கள். வரப்பு நெடுக உருண்டை வைத்தால் கோழியும் மயிலும் நாயும்தான் முதலில் பார்க்கும். எலிக்கு வைக்க வேண்டிய இடம் அது குடியிருக்கும் வங்கு. எந்த வங்கில் எலி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் சாயங்காலம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள எல்லா வங்குகளையும் மண் வைத்து அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில் எலி உண்டு. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். வாயில் பொலபொலவென்று புது மண் குவிந்திருந்தால் வரப்பெலி. ஈரச்சேறு உருண்டை உருண்டையாகக் கிடந்தால் அது நண்டு வளை, அதில் மருந்து வைப்பது வீண்.

அடுத்த தவறு, எடுத்த எடுப்பில் விஷம் வைத்தது. எலி புதுத் தீனியை நம்பாது; முதலில் துளி கொறித்துப் பார்க்கும். அந்தத் துளியிலேயே விஷம் இருந்து, சாகாமல் வயிற்றைக் கலக்கியதோடு தப்பிவிட்டால், பிறகு பல வாரங்களுக்கு அந்தத் தீனிப் பக்கமே வராது. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத தீனியைத்தான் வைக்க வேண்டும். 980 கிராம் அரிசிக் குருணையில் 20 கிராம் கடலை எண்ணெய் விட்டுப் பிசிறி, அடையாளம் வைத்த ஒவ்வொரு வங்குக்குள்ளும் 10 கிராம் போடுங்கள். எலி பழகித் தின்ன ஆரம்பித்த பிறகு, அதே குருணை 960 கிராம், அதே எண்ணெய் 20 கிராம், 80 சதத் துத்தநாக பாஸ்பைடு தூள் 20 கிராம். குருணையை மாற்றாதீர்கள், எண்ணெயையும் மாற்றாதீர்கள். பத்துப் பத்துக் கிராமாகக் காகிதப் பொட்டலம் கட்டி, குச்சியால் வங்குக்குள் ஒரு சாண் ஆழம் தள்ளிவிடுங்கள்.

சோறு வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் இந்த மருந்திலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். மருந்தின் வீரியமும் போகும், கலக்குகிறவருக்கும் ஆபத்து. மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள். கையுறை போட்டு, வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்க நின்று, குச்சியால் கலக்குங்கள். மறுநாள் விடிந்ததும் செத்த எலிகளையும் தின்னாமல் கிடக்கும் பொட்டலங்களையும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். இதை விட்டால் காகமும் நாயும் சாகும்.

நீங்கள் ஏற்கெனவே விஷச் சோறு வைத்துவிட்டதால், உங்கள் வயல் எலிகள் உஷாராகியிருக்கும். இந்தப் போகத்தில் மறுபடி துத்தநாக பாஸ்பைடு வேண்டாம். கடையில் தயாராகக் கிடைக்கும் 0.005 சத புரோமடையலோன் கட்டியை எலி உள்ள வங்குகளுக்குள் வையுங்கள். இது மெல்லக் கொல்லும் மருந்து. சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்கூட ஆகலாம். தின்றதற்கும் சாவதற்கும் தொடர்பு தெரியாததால் எலிக்குச் சந்தேகம் வராது. ஒரு வாரம் கழித்து வங்குகளை மறுபடி அடைத்துப் பார்த்து, திறந்தவற்றில் மட்டும் இன்னொரு முறை வையுங்கள். கதிர் பால் பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வயல் முழுக்கத் தீனி இருக்கும்போது பொட்டலத்தை எலி சீந்தாது.

பக்கத்து வயல்காரர்களையும் அதே வாரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலியான வங்குக்கு அங்கிருந்து குடிவந்துவிடும். அறுப்பு முடிந்ததும் வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் செதுக்கிவிடுங்கள். பருத்த வரப்புதான் எலிக்கு வசதி.

கேள்வி: மேலூரில் வீட்டுக் கொல்லையில் பெருச்சாளித் தொல்லை. கோழியும் சின்னக் குழந்தைகளும் உண்டு. என்ன வைக்கலாம்?

பதில்: வீட்டுப் பக்கம் துத்தநாக பாஸ்பைடைக் கொண்டுவராதீர்கள், அதன் விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. முதலில் கூண்டுப் பொறியில் நெத்திலிக் கருவாடு வைத்துப் பாருங்கள். அதில் அடங்காவிட்டால் மட்டும் புரோமடையலோன் கட்டி. நாலங்குல பிவிசி குழாயை இரண்டடி நீளம் வெட்டி, நடுவில் கட்டியைக் கம்பியால் கட்டி, குழாயைச் சுவரை ஒட்டி அசையாமல் பதியுங்கள். பெருச்சாளி வெட்டவெளியில் நடக்காது, சுவரோரமாகத்தான் போய்வரும். குழந்தைகளைக் கொல்லைப் பக்கம் தனியாக விடக் கூடாது. யாராவது வாயில் வைத்துவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று காத்திருக்காமல், மருந்து அட்டையோடு உடனே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். புரோமடையலோன் விஷத்தை முறிக்கும் மருந்து வைட்டமின் கே1; ரத்தக் கசிவு சில நாள் கழித்தும் தொடங்கலாம்.

கேள்வி: ஆந்தை உட்கார வயலில் குச்சி நடலாமா? (திருமங்கலம்)

பதில்: நடலாம். பயிரைவிட உயரமாக ‘டி’ வடிவக் குச்சி போதும். கதிர் முற்றும் நேரத்தில் பிடுங்கிவிடுங்கள், தானியம் தின்னும் பறவைகள் வந்து உட்காரும். புரோமடையலோன் வைத்த வயலில் மட்டும் நடாதீர்கள். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் செத்துப்போகும்.