மூணு தோட்டா எங்க போச்சு தம்பி?

கேள்வி: டெக்சாஸ்ல இருக்கேன், மனைவி அமெரிக்கப் பொண்ணு. 84 வயசு மாமனார் முதியோர் இல்லத்துக்குப் போறப்ப தன்னோட 1966 வின்செஸ்டர் கம்பெனி லீவர் ரைபிள (அடியில இருக்கற லீவர இறக்கி ஏத்தித் தோட்டாவ உள்ள தள்ளற வகை) என்கிட்ட குடுத்துட்டார். தங்க முலாம், எட்டுப்பட்டைக் குழல், கீறலே இல்ல, சுடாத துப்பாக்கி. ஒரிஜினல் பெட்டியும் இருக்கு, கூட ஒரு பழைய டப்பால 17 தோட்டா. கன் ஷோவுல, அதான் துப்பாக்கி விக்கற கண்காட்சில, மூணு பேர்கிட்ட விசாரிச்சேன், ஆளுக்கொண்ணு சொல்றாங்க. சுடலாமா, அப்படியே வச்சா விலை ஏறுமா?

பதில்: விலைக் கதைய மொதல்ல முடிச்சிடறேன். அது கம்பெனியோட நூறாவது வருஷத்துக்குப் போட்ட மாடல் 94, ஒரு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க, வாங்குனவங்க நெறைய பேர் உங்கள மாதிரியே பின்னாடி காசாகும்னு பிரிக்காம பரண்ல போட்டுட்டாங்க, அப்புறம் அது எப்படி அபூர்வமாகும்? 1964ல செலவக் குறைக்கத் தயாரிப்பையே மாத்துனாங்க, அதுக்கு முன்னாடி வந்த சாதா 94க்குத்தான் பழைய துப்பாக்கி சேக்கறவங்க அடிச்சுக்கறது.

இப்ப அந்த டப்பாவுக்கு வாங்க. இந்த ரைபிளுக்குப் போடற 30-30ங்கற அளவுத் தோட்டா டப்பாக்கு 20 வரும். உங்ககிட்ட 17. மீதி மூணு எங்க? சுடாத துப்பாக்கின்னு நீங்களே சர்டிபிகேட் குடுத்துட்டீங்களே, லீவர இறக்கி, தோட்டாவ மேல தூக்கிக் குடுக்கற தகடுல கோடு விழுந்திருக்கான்னு பாத்தீங்களா? விவரமான ஆள் அங்கதான் டார்ச் அடிப்பான்.

அது கூடப் பரவாயில்ல. கன் ஷோவுல முன்னபின்ன தெரியாத மூணு பேர்கிட்ட கேட்டிருக்கீங்க, குடுத்தவர்கிட்ட கேட்டீங்களா? லெட்டர் முழுக்கத் தேடிட்டேன், அவர் பேசுன ஒரு வார்த்தை கூட இல்ல. பொண்ணையும் குடுத்து துப்பாக்கியும் குடுத்த மனுஷன் உசுரோட இருக்கறப்பவே அவர் பொருளுக்கு விலை விசாரிக்கறது, எனக்குச் சுத்தமாப் பிடிக்கல தம்பி.

சுடலாமான்னா, தாராளமா சுடுங்க. ஆனா இந்த ஞாயித்துக்கெழம மனைவியக் கூட்டிட்டுப் போயி அவர் பக்கத்துல உக்காருங்க. டப்பாவ போன்ல போட்டோ எடுத்துக் காட்டி அந்த மூணும் எங்க போச்சுன்னு கேளுங்க. பாதியில நிறுத்தி வேற கதைக்குப் போனாலும் போகட்டும், கேட்டுட்டு இருங்க. நாலாவது வெடிய யார் போடணும்னு அவரே சொல்லட்டும். பழைய 17ஐப் போட்டுத் தொலைக்காதீங்க, புதுசு வாங்குங்க, அதுக்கு முன்னாடி துப்பாக்கி ரிப்பேர் பாக்கறவர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்க.