முழங்கால் நோவு போய்விட்டது, இளைப்பு ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். நோவு போய்விட்டது, ஆனால் கொஞ்சம் நடந்தாலே இளைக்கிறது. பயத்தில் நாங்கள் அவரை நடக்க விடுவதில்லை. ஒப்பரேசன் இதயத்தைக் கெடுத்துவிட்டதா? நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, நல்லூரைப் பிறகு கதைப்போம், முதலில் அந்த இளைப்பு. கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மூட்டு மாற்றிய முதல் மூன்று மாதங்களில் கால் நாளத்தில் இரத்தம் கட்டியாகி, அது நுரையீரலுக்குப் போய் அடைக்கக்கூடும். மூச்சு திடீரென்று முட்டினாலோ நெஞ்சு இறுக்கினாலோ யோசிக்க வேண்டாம், 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

கட்டி இல்லை என்றால் அடுத்தது இதயம். ஒப்பரேசனை ஒட்டிய வாரங்களில் மாரடைப்பு ஆபத்து கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் இப்படியும் யோசித்துப் பாருங்கள்: இத்தனை வருடமாக முழங்கால் நோவோடு அம்மா படலை தாண்டி எவ்வளவு தூரம் நடந்திருப்பார்? வேலையே வைக்காத இதயத்தின் குறை எப்படித் தெரியும்? கால் சரியான பிறகுதான் அது வெளியே வருகிறது. சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் வெறும் இளைப்பாக இதய வருத்தம் காட்டுவதும் உண்டு. இதயத்தைப் பார்க்கிற ஈசிஜி, எக்கோ சோதனைகள் இரண்டும் தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள்.

அப்புறம், பழைய நோக்குளிசைகள். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். வீட்டில் மிச்சம் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சோதனைகள் சரி, நடக்கலாம் என்று சொல்லிவிட்டால், அன்பின் பேரில் அம்மாவைக் கதிரையில் இருத்தி வைக்காதீர்கள். வெயில் ஏற முதல் ஒழுங்கையில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, மெல்ல மெல்ல வாரத்துக்கு 150 நிமிடம் வரை கொண்டுபோகலாம். கதைத்துக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி.

நல்லூருக்கும் அப்போது தாராளமாகப் போகலாம், தேரன்று மட்டும் வேண்டாம். வேறொரு நாள் காலைப் பூசைக்குக் கூட்டிப் போங்கள், கைத்தடியும் மடிக்கிற கதிரையும் எடுத்துக்கொண்டு. மணல் சுட முதல் திரும்பிவிடுங்கள், சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் சுட்டாலும் அவருக்குத் தெரியாது.