ஸ்காட்லாந்தில் என்னென்ன மொழி பேசினார்கள்? கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் ஆதி மொழி கேலிக்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேலிக் முதலில் மேற்குக் கரையில், ஆர்கைல் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதே காலத்தில் வடகிழக்கில் பிக்டிஷ், கிளைட் ஆற்றோரம் வெல்ஷுக்கு நெருங்கிய உறவான கம்பிரிக், தென்கிழக்கில் பழைய ஆங்கிலம், மடங்களில் லத்தீன். 731-இல் பீட் என்ற துறவி எழுதி முடித்த வரலாற்றிலேயே பிரிட்டனுக்கு ஐந்து மொழிகள் என்று கணக்குச் சொல்கிறார். ஆதி மொழி எது என்று தேடுவது வீண் வேலை.

பிக்டிஷில் ஏதாவது மிச்சம் உண்டா?

கதை, பாட்டு ஒன்றும் இல்லை. சில கல்வெட்டுகள், அரசர் பெயர்கள், பிட்லாக்ரி போன்ற ஊர்ப் பெயர்கள், அவ்வளவுதான்.

ஸ்காட்ஸ் என்பது கொச்சை ஆங்கிலம் என்கிறாரே என் நண்பர்?

அவரிடம் 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டங்களைக் காட்டுங்கள். சட்டம் எழுதிய மொழி எப்படிக் கொச்சையாகும்? ஆங்கிலமும் ஸ்காட்ஸும் பழைய ஆங்கிலம் என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்காட்ஸுக்கு அடி விழுந்தது பின்னால்தான். 1560-இல் நடந்த மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தேவாலயத்துக்கு வந்த பைபிள் ஆங்கிலத்தில் இருந்தது. 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் இங்கிலாந்துக்கும் அரசராக, அரசவையே லண்டனுக்குப் போய்விட்டது.

ராஜாக்களுக்குக் கேலிக் தெரியுமா?

நான்காம் ஜேம்ஸுக்குத் தெரியும். ஸ்பெயின் தூதர் அயாலா 1498-இல் எழுதிய கடிதத்தில், லத்தீன், பிரெஞ்சு என்று அரசருக்குத் தெரிந்த மொழிகளை அடுக்கிவிட்டு, தீவுகளில் வாழும் ‘காட்டுமிராண்டிகளின்’ மொழியையும் பேசுவார் என்கிறார். அந்தக் காலத்துப் பார்வை அப்படி!

நார்ன் என்று ஒரு மொழி இருந்ததாமே?

ஓர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியின் வாரிசு அது. 1468, 69-இல் டென்மார்க் அரசர் தன் மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக இந்தத் தீவுகளை அடகு வைத்தார்; மீட்கவே இல்லை. அப்புறம் ஸ்காட்ஸ் மெல்ல மெல்ல நார்னை விழுங்கியது. 1774-இல் ஜார்ஜ் லோ என்ற பாதிரியார் ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபூலா தீவுக்குப் போனார். வில்லியம் ஹென்றி என்ற முதிய விவசாயி ஒரு நீண்ட கதைப்பாடலைச் சொல்ல, அவர் 35 பத்திகள் எழுதிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், லோவுக்கு நார்ன் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே எழுதினார். அறிஞர்கள் அதைப் பிரித்துப் படிக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நார்னில் நமக்குக் கிடைத்த பெரிய இலக்கியம் அது ஒன்றுதான்.

கேலிக்கை ஆங்கிலேயர்கள்தான் ஒழித்தார்களா?

பழியை முழுக்க அவர்கள் மேல் போட முடியாது. 1616-இல் எடின்பரோவில் இருந்த அரசின் ஆலோசனைச் சபையே, ஊர்தோறும் பள்ளி வைத்து ஆங்கிலத்தைப் பரப்பி, கேலிக்கை அகற்ற வேண்டும் என்று ஆணை போட்டது. 1872 கல்விச் சட்டமோ கேலிக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் நிலவுடைமையாளர்களால் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டுக் கனடா போன கேலிக் மக்கள் ஏராளம். 1891 கணக்கெடுப்பில் சுமார் 2,50,000 பேர் கேலிக் பேசினார்கள். 2011-இல் அது 57,000 சொச்சம். கேலிக்குக்கென்று ஒரு மொழிச் சட்டம் 2005-இல்தான் வந்தது.