கேட்காமல் வந்த அப்டேட், உயிரில்லாமல் போன லேப்டாப்: யார் பொறுப்பு?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் 62,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். வாரண்டி ஒரு வருடம். சென்ற மாதம் 18-ஆம் தேதி இரவு வேலையை முடித்து ஷட்டவுன் கொடுத்தேன். அணையாமல் தானாகவே மறுபடி இயங்கி, ஃபர்ம்வேர் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. சார்ஜர் செருகியே இருந்தது, மின்சாரமும் போகவில்லை. சற்று நேரத்தில் திரை இருண்டது. அதன்பின் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்ற 27,500 ரூபாய் கேட்கிறார்கள். “வாரண்டி முடிந்துவிட்டது, அப்டேட்டுக்கு நீங்கள் ஏற்கெனவே சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்” என்கிறார்கள். 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய படிவங்கள் தவறிப்போய், கட்டணத்தை நானே கட்டினேன். எனக்கு வழி உண்டா? மகளின் லேப்டாப்பும் அதே நிறுவனத்துடையது. அதற்கும் இப்படி ஆகாமல் எப்படித் தடுப்பது?

பதில்: வழி உண்டு. ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, மதர்போர்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போர்டை மாற்றினால் பழையதைப் பெரும்பாலும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். உங்கள் வழக்கில் அந்தப் பழைய போர்டுதான் முதல் சாட்சி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆவது பிரிவு, பரிசோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை நுகர்வோர் ஆணையத்துக்குத் தருகிறது. அனுப்புவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும்.

லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது ஜாப் ஷீட்டை நின்று படியுங்கள். ‘டிஸ்பிளே இல்லை, மதர்போர்டு பழுது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உங்களுக்கு எதிராகவே பேசும். ‘ஃபர்ம்வேர் அப்டேட் நடந்துகொண்டிருந்தபோது நின்றுவிட்டதாக வாடிக்கையாளர் கூறுகிறார்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன குறையை நீங்கள் சொன்னபடி எழுதுவதில் அவர்களுக்கு நட்டம் ஏதும் இல்லை. மறுத்தால் வாசலை விட்டு இறங்குவதற்குள், ஜாப் ஷீட் எண்ணைக் குறிப்பிட்டு அதே வாக்கியத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த சாட்சி உங்கள் ஹார்டு டிஸ்க். போர்டு இறந்தாலும் டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். பல லேப்டாப்புகளில் அது விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. ஒற்றைத் திருகைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். வெளி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் இணைத்தால், விண்டோஸ் கோப்புறைக்குள் ஐ.என்.எஃப் என்ற துணைக் கோப்புறையில் ‘செட்அப்ஏபிஐ.டெவ்.லாக்’ என்று ஒரு கோப்பு இருக்கும். இயங்குதளம் நிறுவிய டிரைவர்கள் (வன்பொருளை இயக்க உதவும் சிறு நிரல்கள்) நாள், மணி, நிமிடத்தோடு அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். இயங்குதளத்தின் அப்டேட் வழியாக வரும் ஃபர்ம்வேரும் ஒரு டிரைவரைப் போலத்தான் நிறுவப்படுகிறது. 18-ஆம் தேதி இரவு அப்படி ஒரு வரி அதில் இருந்தால், “அப்டேட்டால் ஆனது என்பதற்கு என்ன ஆதாரம்” என்று கேட்பவருக்கு அதுவே பதில். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளையும் (ஈவன்ட் லாக்) சேர்த்துப் பிரதி எடுங்கள். டிஸ்க்கைக் கழற்றுவதிலிருந்து கோப்பைப் பிரதி எடுப்பது வரை வீடியோ எடுத்து வையுங்கள். மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட வேண்டும். கணினி தெரிந்த நிபுணரின் கையெழுத்துக்கும் தனிப் பகுதி இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் இதில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்றாலும், எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு பிடி கொடுக்க வேண்டும்?

இணைத்ததும் 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்படாதீர்கள். பிட்லாக்கர் என்ற பூட்டு டிஸ்க்கில் இருக்கிறது என்று பொருள். லேப்டாப்பில் நுழைய மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பயன்படுத்தியிருந்தால், சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். புதிய போர்டில் டிஸ்க்கைச் செருகினாலும் அதே சாவியைத்தான் கேட்கும். சாவி கையில் இல்லாமல் போர்டை மாற்றியிருந்தால் உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்குகளே கிடைக்காமல் போயிருக்கக்கூடும்.

இனி சட்டத்துக்கு வருவோம். வாரண்டி முடிந்துவிட்டது என்பது இங்கே பொருந்தாத பதில். பொருள் தானாகப் பழுதானால் இத்தனை காலம் சரிசெய்து தருகிறோம் என்பதுதான் வாரண்டி. உங்கள் லேப்டாப் தானாகப் பழுதாகவில்லை. 14-ஆவது மாதத்தில் நிறுவனம் தயாரித்து அனுப்பிய ஒரு நிரல் உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறது. வீட்டை விற்றவர் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து நடு இரவில் வந்து சுவரைச் செப்பனிடுகிறேன் என்று இடித்துத் தள்ளினால், “விற்று ஒரு வருடம் ஆகிவிட்டதே” என்று அவர் சொல்ல முடியுமா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, சேவை தருபவரின் அலட்சியமோ செயலோ செய்யத் தவறியதோ நுகர்வோருக்கு இழப்பை உண்டாக்கினால் அதைச் சேவைக் குறைபாடு என்கிறது. உங்கள் மனு இந்தப் பிரிவின் மேல் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு நல்ல கேள்வி கேட்பார், அதற்கு இப்போதே தயாராகுங்கள். இலவசமாகத் தரப்படும் சேவை இந்தச் சட்டத்தின் கீழ் சேவையே ஆகாது என்று 2(42) சொல்கிறது. அப்டேட்டுக்கு நீங்கள் பணம் கட்டவில்லை. என் பதில் இது: ஃபர்ம்வேர் இல்லாத லேப்டாப்பை யாரும் விற்பதில்லை, வாங்குவதும் இல்லை. அதைப் பராமரிப்பது நீங்கள் கொடுத்த 62,000 ரூபாய்க்குள் அடக்கம். பெட்டியிலோ இணையப் பக்கத்திலோ ‘தானியங்கி அப்டேட்’ ஒரு சிறப்பம்சமாக விளம்பரப்படுத்தப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மனுவோடு சேருங்கள். விலைக்குள் அடக்கம் என்பதற்கு அவர்கள் வாயாலேயே சாட்சி.

“சம்மதம் கொடுத்துவிட்டீர்கள்” என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரதி நிட்டிங் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்ட கூரியர் சீட்டில் இருந்த 100 டாலர் வரம்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு உங்களுக்கு எதிராகக் காட்டப்படும். நம் பக்கத்தில் 2019-இன் பயனியர் தீர்ப்பு இருக்கிறது. கட்டுமான நிறுவனம் எழுதி நீட்டிய ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் வீடு வாங்கியவரைக் கட்டாது என்றும், அப்படி எழுதுவதே நேர்மையற்ற வணிகம் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. முதல்நாள் பெட்டியைத் திறந்ததும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினால்தான் லேப்டாப்பே இயங்கும் என்ற நிலையில், வேறு வழி இல்லாமல் கொடுத்த சம்மதம் அது. அப்டேட் வருவதற்குச் சம்மதித்ததாகவே வைத்துக்கொண்டாலும், இயந்திரத்தைக் கொல்லும் அப்டேட்டுக்கு யாரும் சம்மதிக்கவில்லை. தவிர, பல மென்பொருள் உரிமங்களில் பொறுப்பின் உச்சவரம்பாக எழுதியிருப்பது பொருளின் விலை. நீங்கள் கேட்கும் 27,500 அதற்குள்ளேயே அடங்குகிறது. உரிமத்தின் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள், உங்களுக்கே உதவக்கூடும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். ‘இந்த ஒப்பந்தம் நியாயமற்றது என்று அறிவிக்க வேண்டும்’ என்று தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. அந்த ஒரு வரிக்காக மனுவே திரும்பி வரலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குச் சேதம் விளைவித்தால் இழப்பீடு தர வேண்டும். ‘சேதம்’ என்பதற்குள் மாற்றுவதும் சேர்ப்பதும்கூட அடங்கும். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அலுவலராக இதை விசாரிக்கிறார். வாதம் வலுவானதுதான். ஆனால் ‘அனுமதியின்றி’ என்ற சொல்லிலேயே வழக்கு மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். 66-ஆவது பிரிவில் போலீஸ் புகார் வேண்டவே வேண்டாம். அதற்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும், இங்கே இருப்பது அலட்சியம்.

வெளிநாடுகளில் நிறுவனங்கள் இந்த விஷயத்தில் தோற்றிருக்கின்றன. கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் நடத்திய ஒரு பெண், தான் கேட்காத விண்டோஸ் 10 மேம்படுத்தலால் கணினி முடங்கியது என்று சிறு வழக்கு மன்றத்துக்குப் போனார். அவருக்கு 10,000 டாலர் தீர்ப்பானது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைக் கொடுத்தது. 2018-இல் இத்தாலியின் போட்டி ஆணையம், போன்களின் வேகத்தைக் குறைத்த அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பழைய நிலைக்குத் திரும்ப வழி தரவில்லை என்பதும் அங்கே ஒரு குற்றச்சாட்டு. இவை நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எழுத்துவாதத்தில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

நடைமுறை எளிது. தயாரித்த நிறுவனத்தின் இந்தியப் பிரிவு, விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். சில நிறுவனங்கள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, 34-ஆவது பிரிவின்படி வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அது லேப்டாப் நின்றுபோன நாளிலிருந்து ஓடுகிறது, வாங்கிய நாளிலிருந்து அல்ல.

தொழிலுக்குப் பயன்படுத்தியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று கட்டாயம் சொல்வார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. ஆள் வைக்காமல் நீங்களே வேலை செய்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

கேட்கும் தொகையை ஆதாரத்தோடு கேளுங்கள். தாமதக் கட்டணத்தின் சலான்கள், வாடகைக்கு எடுத்த கணினியின் ரசீது, சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்த பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். நட்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றீர்களா என்பதையும் ஆணையம் பார்க்கும். பரிசோதனை முடிந்தபின், போர்டில் ஃபர்ம்வேர் இருக்கும் எட்டுக் கால் பயாஸ் சிப்பை மட்டும் மறுபடி எழுதித் தரும் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். மதர்போர்டே போய்விட்டது என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

மகளின் லேப்டாப்புக்கு வருகிறேன். பல மாடல்களில் இயக்கும்போது பயாஸ் அமைப்புக்குள் போனால் ‘விண்டோஸ் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட்’ என்றோ ‘கேப்ஸ்யூல் அப்டேட்’ என்றோ ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்துவிட்டால் இயங்குதளம் வழியாக ஃபர்ம்வேர் தானாக உள்ளே வராது. நிறுவனத்தின் சொந்த அப்டேட் செயலி இருந்தால் அதிலும் தானியங்கியை நிறுத்துங்கள். அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் தள்ளாடியபோது, 2024 ஆகஸ்டில் அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. மாதம் ஒருமுறை நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். அப்டேட் இருந்தால், தேர்வு நேரத்தில் இல்லாத ஒரு ஞாயிறு காலையில், கோப்புகளைப் பிரதி எடுத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, சார்ஜரைச் செருகி, நீங்களே பக்கத்தில் இருந்து போடுங்கள். அந்த 48 இலக்கச் சாவியை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பில்லோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.