சித்திரைச் சந்தைக்குக் காளைகளைத் தேற்றுவது எப்படி?

கேள்வி: சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு ஜோடி காங்கேயம் காளைகளைக் கொண்டுபோக இருக்கிறேன். இரண்டு பல் போட்ட இளங்காளைகள், ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ. விலா தெரிகிறது. இன்னும் 75 நாள் இருக்கிறது. மக்காச்சோள மாவை அள்ளி வைத்தால் சீக்கிரம் சதை பிடிக்கும் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: மக்காச்சோளம் வைக்கலாம், அள்ளி வைக்கக் கூடாது. மாவுச்சத்து திடீரென்று கூடினால் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், சாணம் புளித்த வாடையோடு நீர்க்கக் கழியும். அதிலிருந்து பிழைத்து வந்தாலும் குளம்பு நோவெடுத்து நொண்டலாம். காங்கேயம் காளையை வாங்க வருகிறவர் முதலில் நடக்க விட்டுத்தான் பார்ப்பார்.

முதல் வேலை, கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்து கொடுங்கள். புழு இருக்கும்வரை எந்தத் தீவனமும் உடம்பில் ஒட்டாது. கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். சந்தைக்கு முந்தின வாரம் போட்டால் பலன் இருக்காது.

இந்த எடைக்கு ஒரு மாடு நாளுக்கு ஏழு, ஏழரை கிலோ தின்னும், ஈரத்தைக் கழித்த எடைக் கணக்கில். அதில் பாதிக்கு மேல் சோளத்தட்டும் கடலைக்கொடியுமாக இருக்கட்டும். அடர்தீவனத்தை 1 கிலோவில் தொடங்கி, நாலு நாளைக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டி, 3 கிலோவில் நிறுத்துங்கள். அங்கே போய்ச் சேர ஒரு மாதம் ஆகும், பரவாயில்லை. அந்த 3 கிலோவில் மக்காச்சோளக் குருணை 1 கிலோ, ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை முக்கால், தவிடு முக்கால், கடலைப் புண்ணாக்கு அரை கிலோ. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். தாது உப்புக் கலவை 50 கிராம், கல்லுப்பு ஒரு கைப்பிடி சேருங்கள். புண்ணாக்கைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள், ஈரலையே கெடுத்துவிடும்.

இவ்வளவு வைத்தாலும் காளைகளைக் கட்டுத்தறியிலேயே நிறுத்தாதீர்கள். தினமும் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) நடக்க விடுங்கள். வண்டிக்கும் ஏருக்கும் பேர்போன இனம் இது. தொப்பை அதற்கு அழகில்லை, திமிலும் தொடையும் இறுகியிருக்க வேண்டும்.

சந்தையன்று காலை உப்புத்தண்ணீர் புகட்டி வயிற்றை நிரப்புகிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அது மாட்டுக்கு வதை. வண்டி ஏற்றுவதற்கு முன் அடர்தீவனத்தைக் குறைத்து, பழகிய சோளத்தட்டில் இரண்டு மூன்று கட்டு கூடவே எடுத்துப் போங்கள். புது இடத்தில் அதுதான் வாய் வைக்கும்.